உங்களுக்கு முன்னரே குடியேறியவர்கள்: பட்டறையில் எலி, பாம்பு, கறையான்

(மீள்குடியேறச் செல்லும் குடும்பங்களுக்காக மட்டக்குளியில் நடைபெற்ற தகவல் கூட்டத்தில் எமது தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசியவர்கள் காணி உறுதி, பதிவு, உலர் உணவு, கொட்டில் போடுவதற்கான கொடுப்பனவு என்று பெரிய விடயங்களைச் சொன்னார்கள். நான் சொல்லப் போவது எலியைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் கேளுங்கள்.

உங்களில் பலர் ஊருக்கு ஒரு தொழிலோடு போகிறீர்கள். ஒருவர் தையல் மெசின் கொண்டு போகிறார், இன்னொருவர் வெல்டிங் பிளான்ட், வேறொருவர் மரம் சீவும் மெசின், படகு எஞ்சின் திருத்தும் சாமான்கள். பத்துப் பதினைந்து வருடம் இங்கே மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை கட்டி, மிச்சம் பிடித்து வாங்கிய பொருட்கள் அவை. கொட்டில் விழுந்தால் எப்படியும் இன்னொரு கொட்டில் போடலாம். மோட்டர் வயரை எலி கடித்து, அது தெரியாமல் சுவிட்சைப் போட்டு மோட்டர் எரிந்தால், இரண்டாவது மோட்டர் தரும் திட்டம் எந்த நிறுவனத்திடமும் இல்லை. எங்களிடமும் இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

களனி கங்கை கடலில் விழும் இந்தப் பக்கத்தில் இருந்த உங்களுக்கு எலி புதிதல்ல. மழைக்குக் கான் நிறைந்தால் அது படியேறி வரும். ஆனால் கொழும்பு எலிக்குக் குப்பை போதும். ஊரில் அப்படி இல்லை. ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் மூன்று விதமாக இருக்கும். முகட்டிலும் வளையிலும் ஓடுவது வீட்டெலி. நிலத்தைத் தோண்டி அத்திவாரத்துக்குக் கீழே வளை போடுவது அகிழான், சிலர் பெருச்சாளி என்பீர்கள். ஆயுதப் பெட்டிக்குள்ளும் மெசினின் வயிற்றுக்குள்ளும் கூடு கட்டுவது சுண்டெலி. மூக்கு நீண்டு, கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடும் மூஞ்சூறு இவற்றோடு சேர்ந்ததல்ல. அது பூச்சி தின்னும், வயர் கடிக்காது. அதை விட்டுவிடுங்கள்.

எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வெடி, பிறகுதான் எலி. இதைத் தயவு செய்து ஒருவரும் மாற்றிச் செய்ய வேண்டாம். வன்னியிலும் முசலியிலும் தென்மராட்சியிலும் பற்றையாகிக் கிடக்கும் வளவைப் பார்த்தவுடன் கத்தியை எடுக்கத் தோன்றும். எலி வளையைக் கண்டால் அலவாங்கை விட்டுக் கிண்டத் தோன்றும். கிண்டாதீர்கள். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே வெட்டுவதும் தோண்டுவதும். ஒப்படைத்த காணியிலும் பழைய பட்டறைக்குள் கிடக்கும் இரும்புக் குவியலைக் கையால் கிளற வேண்டாம். குப்பையை அப்படியே நெருப்பு வைத்துக் கொளுத்தவும் வேண்டாம். வெடிக்காத பொருள் ஒன்று அதற்குள் இருந்தால் சூட்டில் வெடிக்கும். அறிமுகமில்லாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள். சிறுவர்களைப் பழைய இரும்பு பொறுக்க விடாதீர்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் காணாது.

காணி பாதுகாப்பானது என்று தெரிந்த பின், கட்டடத்துக்குள் போகும் முதல் நாள். கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் வெளியே நில்லுங்கள். பிறகு சப்பாத்துப் போட்டு, கையுறை போட்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். எலிப் புழுக்கை கிடந்தால் விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட வேண்டாம். காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியோடு பறந்து நெஞ்சுக்குள் போகும். ஒரு பங்கு குளோரின் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுத்துப் புதையுங்கள். செத்த எலியையும் அப்படித்தான்.

இனி ஓட்டைகள். சுண்டெலி நுழைய ஒரு பென்சில் போகிற அளவு, அதாவது கால் அங்குல ஓட்டை போதும். பெரிய எலிக்குப் பெருவிரல் போகிற ஓட்டை போதும். தலை போனால் உடம்பு போய்விடும். எலியின் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் அது பசி இல்லாவிட்டாலும் கொறிக்கும். பலகை, பிளாஸ்டிக், ரப்பர், சாக்கு எதுவும் அதற்குத் தடையல்ல. சாக்குத் துணியை ஓட்டைக்குள் திணிப்பது எலிக்குப் படுக்கை போட்டுக் கொடுப்பது போலத்தான். சிலர் கோழிக்கூட்டு வலையை அடிப்பார்கள். அதன் கண்ணுக்குள்ளால் சுண்டெலி நடந்தே போகும். கால் அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள கம்பி வலைதான் வேண்டும். சுவர் ஓட்டைக்குள் கசங்கிய கம்பியோ, சட்டி தேய்க்கும் இரும்பு நாரோ அடைத்து அதன் மேல் சீமெந்து பூசுங்கள்.

பட்டறைகளில் எல்லோரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. கூரைத் தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் சீற், சுவரில் வந்து உட்காரும் இடம். சீற்றின் வளைவு ஒவ்வொன்றுக்கும் கீழே பிறை மாதிரி ஒரு வாசல். பத்துச் சீற் போட்டால் எத்தனை வாசல் என்று எண்ணிப் பாருங்கள். கூரை போடும்போதே, மேசன் ஏணியில் நிற்கும்போதே, ஓட்டுத் துண்டும் சாந்தும் வைத்து அதை அடைக்கச் சொல்லுங்கள். பிறகு செய்வோம் என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள். அடுத்தது கதவின் அடி. நிலத்துக்கும் கதவுக்கும் இடையில் உள்ள வெளியை, கதவின் அடியில் ஒரு தகரப் பட்டி அடித்துக் குறையுங்கள். கூரைக்கு மேலே சாய்ந்து கிடக்கும் மாங்கொப்பு, முருங்கைக் கொப்பு எல்லாவற்றையும் வெட்டி விடுங்கள். வீட்டெலிக்கு அதுதான் பாலம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு அம்மா மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது: "தம்பி, எங்களிடம் சுவரே இல்லை." உண்மைதான். முதல் வருடம் பலருக்குக் கிடுகுக் கொட்டிலும் தறப்பாளும்தான். கிடுகுக் கொட்டிலை எலி புகாமல் அடைக்க எவராலும் முடியாது. அதில் காசையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம். கொட்டிலை விட்டுவிட்டு ஒரு பெட்டியைக் காப்பாற்றுங்கள். மூடியுள்ள இரும்புப் பரல் ஒன்று, நன்றாகக் கழுவிக் காய்ந்தது, தையல் மெசினின் மோட்டர், வயர்ச் சுருள், கைமெசின்கள் எல்லாவற்றையும் இரவில் பாதுகாக்கும். பெரிய மெசினுக்கு நான்கு காலுள்ள மேடை அடியுங்கள். காலின் நடுவில், தென்னை மரத்துக்கு எலி ஏறாமல் தகரம் சுற்றுவோமே, அதே மாதிரி வழுவழுப்பான தகரம் ஒரு முழ அகலத்துக்குச் சுற்றுங்கள். மேடை மூன்று அடி உயரமாவது இருக்க வேண்டும், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். பெரிய எலி நன்றாகப் பாயும்.

அடுத்து சொல்வதுதான் என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. பட்டறையில் சாப்பாடு வைக்காதீர்கள். நிவாரண அரிசி, மா, பருப்பு மூட்டைகள் வந்தவுடன் வீட்டில் இடமில்லை, ஒழுகுகிறது என்று நனையாத இடம் பார்த்துப் பட்டறையில் அடுக்குவோம். விதை நெல், கச்சான், தவிடு, புண்ணாக்கு, கோழித் தீன் எல்லாம் அங்கே போய்விடும். எலி மெசினைத் தேடி வருவதில்லை, அரிசியைத் தேடி வருகிறது. வந்த பிறகு பக்கத்தில் இருக்கும் வயரில் பல்லைத் தீட்டுகிறது. வேறு வழியே இல்லை என்றால் மூட்டையாக வைக்காமல் மூடியுள்ள பரலுக்குள் கொட்டி வையுங்கள். வேலை செய்பவர்கள் சாப்பிட்ட பாண் துண்டு, ரொட்டித் துண்டு, தேநீர்க் கோப்பையின் அடிச் சீனி, இவற்றை மாலையில் ஒருவர் பொறுப்பெடுத்து அகற்ற வேண்டும். பட்டறை முதலாளியே அதைச் செய்தால் மற்றவர்களும் செய்வார்கள்.

மன்னார், முல்லைத்தீவுக் கரைகளுக்குப் போகும் கடற்றொழில் குடும்பங்களுக்கு ஒரு சொல். வலையில் மீன் வாடை இருக்கும் வரை எலிக்கு அது சாப்பாடுதான். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, நிலத்தில் குவிக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். தொங்கும் கயிற்றின் இரண்டு பக்கமும் நடுவில் துளையிட்ட தகரத் தட்டைக் கோர்த்துவிட்டால் எலி கயிற்றால் இறங்காது. கப்பலில் கட்டும் கயிறுகளுக்கும் இப்படித்தான் தட்டுப் போடுவார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் கண்டிருப்பீர்கள்.

நாள்பட்டுக் கிடந்த எந்த மெசினையும் இயக்க முன் திறந்து பாருங்கள். தண்ணீர்ப் பம்ப், ஜெனரேட்டர், லான்ட்மாஸ்டர் எதுவானாலும் காற்று வடி, சைலென்சர் வாய், மோட்டரின் விசிறிப் பக்கம் ஆகியவற்றுக்குள் பஞ்சும் கடதாசியுமாகக் கூடு இருக்கும். பழைய வீட்டு வயரிங்கை நம்பிப் பிளக்கைக் குத்த வேண்டாம். எலி கடித்து உறை போன இரண்டு கம்பிகள் கூரைக்குள் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் புகை, பிறகு நெருப்பு. ஒரு மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்க ஆகும் கூலி வீண் செலவல்ல. எலி நுழையாவிட்டாலும் மண் குளவி நுழையும். கொம்பிரசர் குழாய், எண்ணெய்க் குழாய், திறந்து கிடக்கும் எந்தக் குழலுக்குள்ளும் மண்ணை அப்பிக் கூடு கட்டிவிடும். வேலை முடிந்ததும் குழாய் வாயில் ஒரு துணி முடிச்சோ மூடியோ போடுங்கள்.

பொறி வைப்பதில் ஒரு நுட்பம். பெரிய எலி சந்தேகப் பிராணி. புதிய பொருளைக் கண்டால் சில நாட்கள் கிட்ட வராது. முதல் நாளே பொறியை ஏற்றி வைத்து, பிடிபடவில்லை என்று தூக்கி எறிந்துவிடுவோம். மூன்று நான்கு நாட்கள் பொறியை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாட்டுத் துண்டோ மட்டும் வையுங்கள். அது வந்து தின்று பழகட்டும். பிறகு ஏற்றுங்கள். எலி நடு நிலத்தால் ஓடாது, சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கறுத்த கோடு தெரியும் இடம் அதன் வீதி. பொறியின் இரை வைத்த பக்கம் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பொறியோடு நிறுத்தவும் வேண்டாம். ஒரு பெண் எலி மூன்று வாரம் சுமந்து ஆறேழு குட்டி போடும், அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களும் போடத் தொடங்கும். மாரி மழைக்கு வளைகளில் தண்ணீர் ஏறும்போதும், மாசி பங்குனியில் வயல் வெட்டி முடிந்தபோதும் எலி கட்டடங்களைத் தேடி வரும். அந்த இரண்டு காலத்துக்கு முன்பு ஓட்டை அடைப்பும் பொறியும் தயாராக இருந்தால் போதும், வருடம் முழுக்க யுத்தம் செய்யத் தேவையில்லை.

பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்வதா என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில், ஓட்டையை அடையுங்கள், சாப்பாட்டை மூடுங்கள். அவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் கொல்ல வேண்டிய எலி மிகக் குறைவு. பூனை வளர்க்கலாமா என்றும் கேட்பார்கள். வளருங்கள், சுண்டெலிக்குக் கெட்டிக்காரப் பூனை நல்லது. அகிழானுக்கு முன்னால் பல பூனைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

எலி மருந்தை நான் கடைசிக்கு ஒதுக்குகிறேன். கொட்டில் வாழ்க்கையில் மருந்து, பிள்ளை, கோழி, நாய் எல்லாம் ஒரே நிலத்தில். மருந்து தின்ற எலி பட்டறைக்குள் செத்து நாறும். அதைத் தின்ற ஆந்தையும் பூனையும் சாகும், பிறகு எலிக்கு யார் பயம்? வாங்கியே ஆக வேண்டும் என்றால் பெயர் எழுதிய உறையோடு வாங்குங்கள். சோடாப் போத்தலிலோ மருந்துக் குளிசைப் பையிலோ மாற்றி வைக்காமல் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். தவறி ஒருவர் விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி, அந்த உறையையும் கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியருக்கு வழி தெரியும். எலிக்கோ பன்றிக்கோ என்று கரன்ட் கம்பி கட்டுவது சட்டப்படி குற்றம். இருட்டில் அதில் அகப்படுவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இப்போது பாம்பு. எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் வரும், நாகமும் கண்ணாடி விரியனும் வரும். சாரை விஷமில்லாதது, எலி பிடிப்பதில் பூனையை விடக் கெட்டிக்காரன். அதை அடிக்காமல் போக விடுங்கள். நான் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. அது இரவில் கட்டடத்துக்குள் வரும், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல வேளைகளில் வலியே தெரியாது. விடியப்புறம் வயிற்று வலி, கண் இமை கீழே விழுதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும்போதுதான் சந்தேகம் வரும். மெசினுக்குக் காவல் என்று பட்டறை நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் ஆண்கள் இதைக் கவனியுங்கள். கட்டிலோ வாங்கோ போட்டு, நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள். மரக் குவியலுக்குள் கையை விட முன் தடியால் தட்டுங்கள். கடித்துவிட்டால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், அசையாமல் வைத்து நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே பக்கத்து ஆஸ்பத்திரி எது, இரவில் யாரிடம் வாகனம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

எலிக்காய்ச்சலைப் பற்றிப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். 2008 இல் இலங்கையில் 7,000 இற்கும் அதிகமானோருக்கு அந்தக் காய்ச்சல் என்று பதிவானது, 200 பேரளவில் இறந்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியே உடம்புக்குள் அந்தக் கிருமியைக் கொண்டு போகும். பட்டறை வேலை செய்பவர் கையில் காயம் இல்லாத நாள் எது? வயலில், சேற்றில், அல்லது எலி நடமாடிய ஈர இடத்தில் வேலை செய்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் வந்தால் பனடோலோடு படுத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் "எலி உள்ள இடத்தில் வேலை செய்தேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்காதீர்கள். வைத்தியம் இலவசம், நேரத்துக்குப் போனால் சுகப்படுத்தலாம். வயலிலும் இறங்கப் போகிறவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்தால், முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று சொல்வார்.

கறையானைப் பற்றிச் சுருக்கமாக. புதுக் கப்பு நடும்போது நேரே மண்ணில் நடாமல் சீமெந்துக் கட்டையில் தூக்கி நிறுத்துங்கள். சுவரில் மண் கோடு ஏறுகிறதா என்று கிழமைக்கு ஒரு தரம் பாருங்கள். கோட்டைக் கண்டால் சுரண்டிவிட்டு அது புறப்பட்ட இடத்தைத் தேடுங்கள். பழைய எஞ்சின் எண்ணெயைக் கப்பின் அடியில் பூசுவது பலரும் செய்வது, ஆனால் கிணற்றடியில் அதைச் செய்யாதீர்கள். சீவல் தூளும் மரத் துண்டும் பட்டறை மூலையில் குவிந்தால் கறையானுக்கும் கரப்பானுக்கும் சுண்டெலிக்கும் ஒரே இடத்தில் வீடு கிடைத்துவிடும்.

கடைசியாக, லொறி ஏற்ற முன் இங்கேயே செய்ய வேண்டியவை. நுண் கண் கம்பி வலை, தகரத் தட்டு, இரும்பு நார், இரண்டு மூன்று பொறி ஆகியவற்றை ஊரில் தேடி அலைய வேண்டாம். பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் வாங்கி, ஒரு கட்டாக லொறியில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், அடியில் போட்டுவிட வேண்டாம். மளிகைக் கடையில் வாங்கிய பழைய கடதாசிப் பெட்டிகளில் சாமான் கட்டுகிறவர்கள், பெட்டியின் மடிப்பைப் பிரித்து வெயிலில் தட்டிக் காயவையுங்கள். கரப்பான் முட்டை அந்த மடிப்புக்குள்தான் ஒட்டியிருக்கும். தையல் மெசின் லாச்சியையும் இழுத்துப் பாருங்கள். மட்டக்குளிச் சுண்டெலி ஒன்று கிளிநொச்சியில் போய் இறங்குவதற்கு உங்கள் லொறியில் இடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம். கண்ணிவெடி அகற்றல் பற்றியும் காணி விடுவிப்புப் பற்றியும் கேட்க இருப்பவர்கள், மண்டபத்தின் வலப்பக்க மேசையில் இருக்கும் உத்தியோகத்தரிடம் உங்கள் கிராம அலுவலர் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.